பழைய காருக்கு ஜிபிஎஸ்: தனிக் கருவியா, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவா, போனே போதுமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 2013 ஸ்விஃப்டுக்கு வழி காட்ட ஏதாவது வாங்க வேண்டும். வண்டியில் இருப்பது சாதா ஸ்டீரியோ, திரை கிடையாது. அப்பா மோட்டார் பம்ப் சர்வீஸ் செய்கிறார், வாரத்தில் பாதி நாள் வால்பாறை, கூடலூர் பக்கம் எஸ்டேட்டுகளுக்குப் போய் வருவார். இப்போது போனில்தான் மேப் போடுகிறார். நடுவில் வாடிக்கையாளர் யாராவது கூப்பிட்டால் கவனம் அங்கே போய்விடுகிறது, அதற்குள் திரும்ப வேண்டிய இடமும் போய்விடுகிறது. ஆழியாறு தாண்டினால் பல இடங்களில் டவர் வேறு கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் அடுத்த மாதம் வருகிறான், கார்மின் கம்பெனியின் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். இங்கே கடையில் கேட்டால் 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடுங்கள், எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்கிறார்கள். எது சரி? டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்கிறார்களே, உண்மையா? தமிழில் சொல்ல வேண்டும் என்பது முக்கியம், அப்பாவுக்கு ஓட்டும்போது எழுத்தைப் படிக்கச் சிரமம்.

சிக்னல்சாமி:
முதலில் டவர் விஷயம். ஜிபிஎஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, அதில் நான்கையாவது ஒரே சமயத்தில் கேட்க முடிந்தால் உங்கள் போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். சிம் இல்லாத போனிலும் இது நடக்கும். டவர் போனதும் காணாமல் போவது இடம் இல்லை, மேப். படம் இணையத்திலிருந்து வருவதால் திரை வெள்ளையாகி நீலப் புள்ளி மட்டும் நிற்கும், அதைப் பார்த்துத்தான் ஜிபிஎஸ் போச்சு என்கிறோம்.

அதனால் எந்தக் கருவி வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி, மேப் கருவிக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் என்று ஒரு வசதி இருக்கிறது. பொள்ளாச்சி, வால்பாறை, கூடலூர், ஊட்டி எல்லாம் அடங்குகிற மாதிரி பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். புறப்படும் இடமும் போகும் இடமும் இறக்கிய பகுதிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழி போடாது. இறக்கிய மேப் நாளடைவில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும்படி விட்டுவிடலாம். டிராஃபிக் நிலவரம் மட்டும் ஆஃப்லைனில் வராது, எஸ்டேட் ரோட்டில் அது எதற்கு? அப்புறம் போனின் பேச்சு அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிட்டு, மலை ஏறியதும் குரல் வரவில்லை என்பார்கள்.

கார்மின் நல்ல கருவிதான், ஆனால் அமெரிக்காவில் வாங்கினால் உள்ளே வட அமெரிக்க மேப் இருக்கும், இந்தியா இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச மேப்பிலிருந்து கார்மினுக்கென்று தயாரித்த இலவச மேப்புகள் கிடைக்கின்றன, மெமரி கார்டில் போட்டால் ஓடும். அதில் முகவரி தேடுவது படு சுமார், அப்பா அதோடு மல்லுக்கட்ட வேண்டும். தமிழ்க் குரலையும் நம்பி வாங்காதீர்கள், அந்த மாடலின் மொழிப் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தம்பியை வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
ஸ்டீரியோ போடுபவன் என்கிற முறையில் சொல்கிறேன், 9 இஞ்ச் பெட்டி போடுவதில் தப்பில்லை, ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் ராம் (நினைவகம்), கோர் (செயலி) எண்களை நம்பி வாங்காதீர்கள். கடையிலேயே ஆன் செய்து, மேப் போட்டு, கூடவே பாட்டு ஓடவிட்டு, ரிவர்ஸ் கேமராவையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 2 ஜிபி ராம் பெட்டி அங்கேயே மூச்சு வாங்கும். உங்கள் மாடலுக்கான ஃபிரேமும் கப்ளரும் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள், வயரை வெட்டி ஒட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஜிபிஎஸ் ஒழுங்காக வராததற்கு முக்கால்வாசி காரணம் ஆன்டெனா. பெட்டியோடு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சதுரம் வரும், அடியில் காந்தம், பின்னால் நீளமான வயர். பொறுத்துபவர் அவசரத்தில் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னாலேயே சுருட்டிச் செருகி மூடிவிடுவார். மேலே ஸ்டீரியோவின் இரும்புக் கூடு, பிறகு எங்கே வானம் தெரியும்? வயரை ஓரமாக இழுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு மேல், காந்தம் கீழேயும் வழுவழுப்பான பக்கம் மேலேயும் இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அடியில் சின்னதாக ஒரு இரும்புத் தகடு இருந்தால் இன்னும் நன்றாக வாங்கும். கண்ணாடியில் உலோகம் கலந்த ஹீட் ஃபிலிம் ஒட்டியிருந்தால் சிக்னல் அங்கேயே பாதி செத்துவிடும்.

பைபாஸ்:
இவ்வளவு யோசனை எதற்கு? எங்கள் ஊரில் பைக் மெக்கானிக் கடையிலேயே ஜிபிஎஸ் விற்கிறார்கள், சிம் போட்டால் போதும், மலிவு.

ஸ்பேனர்:
@பைபாஸ் அது வண்டி எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் டிராக்கர் சார், வழி சொல்லாது. டாக்ஸி, பஸ்ஸில் ஏஐஎஸ் 140 என்று அவசரப் பொத்தானோடு பொருத்துகிறார்களே, அதுவும் அந்த வகைதான். கடைக்காரர் ரெண்டையும் ஜிபிஎஸ் என்றுதான் சொல்வார், கேட்டு வாங்க வேண்டும்.

நீலகிரிவண்டி:
நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். போனே போதும் என்பது என் கட்சி, ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் மலையில் அதற்குத் தெரியாத விஷயம் நிறைய இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் போட்டால் கல்லட்டி வழியைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் எத்தனையோ விபத்து நடந்த ரோடு, வெளியூர் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், ஏறக்குறைய ரெண்டு மடங்கு தூரம். பந்திப்பூர் வழியாக மைசூர் பக்கம் போவதானால் இரவு 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும். கருவி சொன்னது என்று செக்போஸ்டில் வாதாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2024 ஜனவரியில் கூடலூரில் மேப்பை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது பேப்பரில் எல்லாம் வந்ததே. குறுகிய சந்து, எஸ்டேட்டின் தனியார் ரோடு, எல்லாமே மேப்புக்கு ஒரே கோடுதான். அப்பா போகும் எஸ்டேட்டுகளின் கேட்டை, நேரில் போயிருக்கும்போதே மேப்பில் பின் (அடையாளக் குறி) போட்டு, பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஸ்டேட் பெயரை அடித்தால் பெரும்பாலும் தோட்டத்தின் நடுவில் எங்கேயோ புள்ளி வைக்கும், கேட் மறுபக்கம் இருக்கும்.

பொள்ளாச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கார்மின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என் பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடக்கிறது. சிம் இல்லாமல் அதையே மேப்புக்கு மட்டும் வைத்துவிட்டால் அழைப்புப் பிரச்சினை தீர்ந்துவிடும் இல்லையா? அது காடு, பள்ளத்தாக்கில் தாங்குமா?

சிக்னல்சாமி:
உங்கள் தேவைக்கு அதுதான் சரி, ஸ்டீரியோவுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அப்பா கையில் இருக்கும் போனில் கூப்பிடட்டும், மேப் போன் பாட்டுக்கு ஓடும்.

சிம் இல்லாத போன் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நெட் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் அதிலேயே வந்துவிடும், இல்லாவிட்டால் வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லும், மொத்தக் கூட்டத்தின் அட்டவணையும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். அதனால் கிளம்பும் முன் வாசலில், மேலே கூரை இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி மேப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கலாம். அவசரம் என்றால் அப்பா போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

பழைய போனின் ஜிபிஎஸ் எப்படி என்று அறிய ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப் இருக்கிறது. டேஷ்போர்டில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தையும் ஒரு எண்ணாகக் காட்டும். 35க்கு மேல் பல இருந்தால் கவலையில்லை, எல்லாமே 25க்குக் கீழே என்றால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். பள்ளத்தாக்கில் மலை வானத்தில் பாதியை மறைக்கும், பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் கணக்கையும் குழப்பும். எல்1, எல்5 என்று ரெண்டு அலைவரிசையும் வாங்கும் போன்கள் 2018 முதல் வந்துகொண்டிருக்கின்றன, அவை இதில் கெட்டி. நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இருந்தால் நல்லது, அதற்காகத் தனியே காசு போட வேண்டாம். பாலத்துக்கு மேலா, கீழே சர்வீஸ் ரோடா என்கிற குழப்பம் மட்டும் எந்தப் போனிலும் வரும், ஜிபிஎஸ்ஸுக்கு உயரக் கணக்கு எப்போதும் கொஞ்சம் வீக்.

வெயில்தான் பெரிய எதிரி. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்ட் வேண்டாம், ஏசி வென்ட்டில் மாட்டுவது வாங்குங்கள், காற்று பட்டு போன் சூடாகாது. நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளேயே விடாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய பேட்டரி சூட்டில் உப்பும், பின் மூடி லேசாகத் தூக்கினாலே அந்தப் போனை வண்டியில் வைக்கக் கூடாது.

நீலகிரிவண்டி:
வென்ட் ஸ்டாண்ட் கிளிப் வகையாக வாங்காதீர்கள், வால்பாறை ரோட்டுக்கு நாற்பது வளைவிலும் தலையாட்டும். பின்னால் கொக்கி போட்டுத் திருகி இறுக்குவது கேட்டு வாங்குங்கள். சார்ஜ் வயர் கியர் மேல் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
சரி அண்ணே, கொக்கி வகையே வாங்குகிறேன். ஆப்பில் பார்த்தேன், வாசலில் பத்துக்கு மேல் 35ஐத் தாண்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து எஸ்டேட் கேட் எல்லாம் பின் போடப் போகிறோம், அவருக்கு வழி எல்லாம் மனப்பாடம்தான், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பையனுக்குத்தான் தேவைப்படும் என்று இப்போதுதான் சொல்கிறார்.