பிரதேச சபைக்குப் போட்ட புள்ளடி எதற்காக?

வலிகாமத்தான்:

2025 மே 6ஆம் திகதி இலங்கையில் நடந்த உள்ளூராட்சிச் சபைத் தேர்தலுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த துண்டுப்பிரசுரங்களை நான் எறியாமல் வைத்திருந்தேன். தமிழரசுக் கட்சியின் வீடு, தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள், ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கு, ஈ.பி.டி.பி.யின் வீணை, ஜனாதிபதியின் கட்சியான தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி என்று ஐந்து சின்னங்கள். தவிசாளர் தெரிவுகள் முடிந்து சபைகள் கூடத் தொடங்கிவிட்ட இந்த வேளையில் அவற்றை மீண்டும் எடுத்து வாசித்தேன். வீடும் சைக்கிளும் சங்கும் இது கொழும்புக்குப் பதில் சொல்லும் தேர்தல் என்கின்றன. திசைகாட்டி ஊழலற்ற நாட்டைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் ஊரின் குப்பை எங்கே கொட்டப்படும், மாரி மழைக்கு முழங்கால் வரை நிரம்பும் எங்கள் ஒழுங்கையின் வெள்ளம் எந்த மதகால் வெளியேறும் என்பது ஐந்தில் ஒன்றிலும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் இச்சபைகளுக்குக் கொடுத்த பொறுப்பு பொதுச் சுகாதாரமும் வீதிகளும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுமே. ஆகவே கட்சிகள் தங்கள் தேசிய அரசியலை நாடாளுமன்றத் தேர்தலுக்கு வைத்துக்கொண்டு, சபைத் தேர்தலை ஊர்ச் சுயேச்சைக் குழுக்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வடமராட்சியாள்:

காரணத்தோடுதான் மறுக்கிறேன். மார்ச் 28ஆம் திகதி வெளியான காணி நிர்ணய வர்த்தமானியை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலும். வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அது அரச காணியாகும் என்ற அறிவித்தல், தேர்தலுக்கு ஐந்து வாரங்களே இருந்தபோது வந்தது. வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களும் அதில் அடக்கம். போரில் காணி உறுதியும் போய் வீடும் போன ஒரு குடும்பத்திடம் போய், "காணிப் பிரச்சினை நாடாளுமன்றத்துக்குரியது, நீங்கள் தெருவிளக்குக்கு வாக்களியுங்கள்" என்று எந்தச் சுயேச்சைக் குழு சொல்லியிருக்கும்? வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத் தேர்தலே நடக்கவில்லை. நாடாளுமன்றத்துக்குக் கீழே எங்கள் வாக்கால் அமையும் இடம் இன்று இந்தச் சபைகள் மட்டுமே. அதிலும் அரசியல் பேசக்கூடாது என்றால் வேறு எங்கே பேசுவது?

வரலாற்றையும் பாருங்கள். 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர் எரிக்கப்பட்டது யாழ்ப்பாண மாநகர சபையின் நூலகம். 1998இல் சரோஜினி யோகேஸ்வரன், பொன். சிவபாலன் என்று யாழ்ப்பாண மாநகர முதல்வர்கள் இருவர் நான்கு மாத இடைவெளியில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வாய்க்கால் வெட்டியதற்காகக் கொல்லப்படவில்லை. சபையை அரசியலிலிருந்து பிரித்து வைக்கும் வசதி எங்களுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

பழைய எழுதுவினைஞர்:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளூராட்சிச் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தம்பி வலிகாமத்தானின் "கட்சிகள் விலகட்டும்" என்ற யோசனை இன்றைய தேர்தல் முறையோடு பொருந்தாது. 2018இலிருந்து நடைமுறையில் உள்ள கலப்பு முறையில் சபையின் உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். யாழ்ப்பாண மாநகர சபையை எடுத்துக்கொண்டால் 27 வட்டாரங்கள், 18 பட்டியல் ஆசனங்கள், மொத்தம் 45. ஆனால் வாக்காளர் இடுவது ஒரே ஒரு புள்ளடி. அது வட்டார வேட்பாளருக்கும் போகிறது, சபை முழுவதற்குமான கட்சியின் கணக்கிலும் சேர்கிறது. ஆகவே ஒரு வட்டாரத்தில் செல்வாக்குள்ள நல்ல மனிதர் ஒருவர் தன் வட்டாரத்தை வெல்லலாம். பட்டியல் ஆசனத்துக்கு அவருடைய குழு சபை எல்லை முழுவதிலும் வாக்குச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆளும் பணமும் கொடிபிடிக்கப் பிள்ளைகளும் வேண்டும். அப்படிச் சேர்த்த நாளிலிருந்து அதுவும் ஒரு கட்சிதான். பெயர் மட்டும் சுயேச்சை.

இரண்டாவது, இந்த முறையில் தனிப்பெரும்பான்மை என்பது அருமையாகவே கிடைக்கும். வட்டாரங்களைக் கூடுதலாக வென்ற கட்சிக்குப் பட்டியலில் குறையும். வட்டாரங்களில் தோற்று வாக்குகளைச் சேர்த்த கட்சிக்குப் பட்டியலில் கூடும். ஒரு கட்சி தனக்குரிய பங்கை விட அதிகமான வட்டாரங்களை வென்றுவிட்டால் சபையே பெருத்துவிடும். நாடு முழுவதும் 4,400 அளவில் இருந்த உறுப்பினர் தொகை 2018இல் 8,000ஐத் தாண்டியது இந்த முறையால்தான். யாழ்ப்பாண மாநகர சபையில் அப்போது வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, சைக்கிளுக்கு 13, வீணைக்கு 10. இம்முறை வீட்டுக்கு 13, சைக்கிளுக்கு 12, திசைகாட்டிக்கு 10, சங்குக்கும் வீணைக்கும் நான்கு நான்கு. இரண்டு தடவையும் ஒருவரையொருவர் திட்டித் தேர்தல் கேட்டவர்கள் ஒருவரையொருவர் நாடித்தான் முதல்வரைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. வரவுசெலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றால் முதல்வரின் பதவி போய்விடும் என்பது சட்டம். 2020 டிசம்பரில் அப்படித்தான் போனது. அடுத்த முதல்வர் 21க்கு 20 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் வந்தார். வாக்குகள் சமமாக விழுந்தால் திருவுளச்சீட்டு. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை.

வலிகாமத்தான்:

ஐயா, உங்கள் கணக்கு என்னுடைய வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தமிழ்த் தேசியத்துக்கான தேர்தல் என்று சொல்லி வாக்குக் கேட்ட தமிழரசுக் கட்சி, ஜூன் மாதம் பதவிகளுக்காக ஈ.பி.டி.பி.யின் தலைவரைத் தேடிச் சென்று ஆதரவு கேட்டது. 2009 மாநகர சபைத் தேர்தலில் வீட்டுக்கு எதிராக அரசாங்கத்தின் வெற்றிலைச் சின்னத்தில் நின்று சபையைப் பிடித்தவர்கள் இந்த ஈ.பி.டி.பி.யினர்தானே. மறுபக்கம் சைக்கிளும் சங்கும் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. 13ஆம் திகதி 19க்கு 16 என்று வீடு முதல்வர் பதவியை எடுத்தது. திசைகாட்டியின் பத்துப் பேரும் நடுநிலை வகித்தார்கள். கொள்கை என்று ஒன்று இருந்திருந்தால் வீடும் சைக்கிளும் சேர்ந்து 25 பேரோடு அசைக்க முடியாத நிர்வாகம் அமைத்திருக்கலாம். வாக்குக் கேட்கும்போது இனம், பதவிக்கு மாத்திரம் எண்கணிதம் என்றால், சகோதரி வடமராட்சியாள் சொல்லும் அந்தப் பெரிய அரசியல் எந்த அலமாரிக்குள் போய் இருந்தது?

இன்னொன்று. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்கள்தான் நிர்வகித்தார்கள். அப்போதும் குப்பை ஏற்ற உழவு இயந்திரம் வந்தது. உறுப்பினர்கள் இல்லாததை எங்கள் ஒழுங்கையில் யாரும் உணரவில்லை என்பதைக் கட்சிகள் யோசிக்க வேண்டும்.

வடமராட்சியாள்:

உழவு இயந்திரம் வந்தது உண்மை. அந்த இரண்டு ஆண்டுகளில் அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? செயலாளர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலுக்குப் பணம் விடுவிக்கப்படாமல் நிறுத்தப்பட்டது குடிமக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எங்களுக்கு இல்லாததன் பெறுமதி தெரியாமல் போனது வேறு விடயம்.

பதவிக்கான கூட்டுக்களை நான் நியாயப்படுத்த வரவில்லை. வீட்டுக்கு வாக்களித்த எனக்கே அந்தச் சந்திப்பின் படத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. மக்களிடம் விளக்கம் சொல்லாமல் செய்தது தவறு. ஆனால் கூட்டு அமைத்தவர்கள் பிழைத்தார்கள் என்பதால் வாக்களித்தவர்களின் நோக்கமும் பொய் என்று ஆகாது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் திசைகாட்டிக்குக் கொடுத்ததும் இதே மக்கள்தான். ஆறு மாதத்தில் அவர்கள் மனம் மாறியதென்றால் அதற்கு அந்த வர்த்தமானி ஒரு காரணம். ஜனாதிபதியின் பேச்சு இன்னொரு காரணம்: திசைகாட்டியின் சபைகளுக்கு நிதி தயக்கமின்றி வரும், மற்றவர்களின் திட்டங்களைப் பல தடவை ஆராய்ந்தே கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் பிரசாரக் கூட்டத்தில் பேசினார். சபைத் தேர்தலுக்குள் கொழும்பை இழுத்து வந்தவர்கள் நாங்கள் அல்லோம்.

மாற்றத்துக்கு வாக்களித்தவன்:

நான் திசைகாட்டிக்கு வாக்களித்தவன், மறைக்கவில்லை. ஜனாதிபதியின் பேச்சு பொருத்தமற்றது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். திறைசேரியின் பணம் கட்சியின் பணம் அல்ல. ஆனால் சகோதரியின் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. நவம்பரில் நாடு முழுவதும் 61 சதவீதத்துக்கு மேல் பெற்ற கட்சி, மே மாதத்தில் 43 சதவீதமாகக் குறைந்தது. அம்பாந்தோட்டையிலும் குருநாகலிலும் வாக்குக் குறைந்ததற்கு வடக்கின் காணி வர்த்தமானி காரணமாக இருக்க முடியாது. உள்ளூர்த் தேர்தலில் மக்கள் தெரிந்த முகத்தைத் தேடுகிறார்கள். புதிய கட்சிக்கு வட்டாரத்தில் தெரிந்த முகம் குறைவு. யாழ்ப்பாணத்தில் நடந்ததிலும் ஒரு பகுதி அதுவே. எல்லாவற்றையும் தேசிய உணர்வின் வெற்றி என்று எழுதிவிட்டால், வட்டாரத்தில் நாலு செத்தவீட்டுக்கும் நாலு கலியாணத்துக்கும் போய் வாக்குச் சேர்த்த அந்த வேட்பாளரின் உழைப்பு காணாமல் போய்விடும்.

பழைய எழுதுவினைஞர்:

கடைசியாக எழுதியவர் சொல்வதில் நியாயம் உண்டு. வெற்றிக்கு ஒரே காரணம் தேடுவது கட்சிக் காரியாலயங்களின் பழக்கம். நான் பேசாமல் விட்ட பணத்தின் கதையை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இருக்காத சொல் ஒன்று உண்டு: சோலைவரி, அதாவது வீடு, கட்டடம் போன்ற ஆதனங்களுக்குச் சபை விதிக்கும் வரி. சபையின் நிரந்தர ஊழியருக்கான சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்கத்திலிருந்து மாகாணத்தின் ஊடாக வருகிறது. சபை தானாகச் சேர்ப்பது சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவற்றையே. சோலைவரிக்கு ஆதனங்களை மறுமதிப்பீடு செய்தால் வரி கூடும், வரி கூடினால் வாக்குக் குறையும். ஆகவே வீடாக இருந்தாலும் சைக்கிளாக இருந்தாலும் அந்தக் கோப்பை மேசையின் அடியில் வைத்துவிட்டு, கொழும்பு பணம் தருவதில்லை என்று பேசுவது இலகுவானது. கொழும்பு தருவதில்லை என்பதும் உண்மைதான், பிள்ளை. அந்த உண்மை இவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது.

குடிதண்ணீரும் அப்படியே. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் நிற்கும் நீரை நம்பியவை. இரண்டு பரப்பு அளவான சிறிய காணிக்குள் ஒரு பக்கம் மலசலகூடக் குழியும் மறுபக்கம் கிணறுமாகக் கட்டட வரைபடம் வரும்போது அதை மறுக்க வேண்டியது சபை. மறுத்தால் மாலையில் உறுப்பினர் தொலைபேசி எடுப்பார். அவர் எந்தக் கட்சி என்பது எனக்கு ஒருபோதும் வித்தியாசமாக இருந்ததில்லை.

வடமராட்சியாள்:

ஐயா, அந்தத் தொலைபேசி எடுக்கும் உறுப்பினர் பெரும்பாலும் ஆணாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். 25 சதவீதம் பெண்கள் என்ற ஒதுக்கீடு வந்த பிறகு, 2018இல் ஒரு கட்சியினர் என்னிடம் வந்து பட்டியலில் பெயர் நிரப்பக் கேட்டார்கள். கூட்டங்களுக்கு வரத் தேவையில்லை, கையொப்பம் போதும் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். ஆகவே கட்சிகள் மீது எனக்கு மயக்கம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சோலைவரியைப் பற்றி அவர்கள் மௌனமாக இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததற்கும், அரசாங்கம் பின்வாங்கியதற்கும் முன்னால் கட்சிக்காரர்களான சட்டத்தரணிகள்தான் வழக்குப் போட்டார்கள், ஊருக்குப் போய்ப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அதை ஒரு ஊர்ச் சுயேச்சைக் குழு செய்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு வலிகாமத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.

வலிகாமத்தான்:

செய்திருக்க முடியாது, அதை ஏற்கிறேன். வழக்குப் போட்டவர்களுக்கு நன்றியும் உண்டு. ஆனால் வழக்குப் போட்ட கட்சிக்கு நான் நாடாளுமன்றத்தில் வாக்களிப்பேன். அந்த நன்றிக்காக நான்கு ஆண்டுகள் ஒழுங்கை வெள்ளத்தில் நடக்கச் சொல்வது நியாயமில்லை. இம்முறை என் வட்டாரத்தில் வென்றவர் வீடு. மாரி தொடங்குவதற்கு முன்னர் அவரிடம் வாய்க்காலின் வரைபடத்தைக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு விண்ணப்பிப்பேன்.

பழைய எழுதுவினைஞர்:

விண்ணப்பத்தைத் தகவல் அலுவலரின் பெயருக்கு எழுதி, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. வரைபடத்தோடு டிசம்பரில் வரவுசெலவுத் திட்டத்துக்கு யார் யார் கை உயர்த்தினார்கள் என்ற கூட்டறிக்கையையும் கேளுங்கள். வடமராட்சிப் பிள்ளையும் தன்னுடைய சபையில் அதையே கேட்கட்டும்.