பழைய கூம்பு நொதிகலன்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நண்பர்களே, வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சும் எனக்கு, ஒருவர் பயன்படுத்திய எவர்சில்வர் கூம்பு நொதிகலன் (பீரைப் புளிக்க வைக்கும், அடிப்பக்கம் கூம்பான கலன்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 50 லிட்டர் கொள்ளும். நேரில் போய்ப் பார்த்தேன். வெளியே கண்ணாடிபோல் மின்னுகிறது, அதனாலேயே சந்தேகம்.

உள்ளே டார்ச் அடித்துத் தடவியபோது, கூம்பும் உருளையும் சேரும் பற்றவைப்புக் கோட்டில் நகம் தடுக்கியது. அதற்குக் கீழே மிளகுத்தூள் சிதறியதுபோல் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். வெறும் மேல்துருவா, குளோரின் கலந்த பிளீச்சிங் திரவம் அரித்த குழிகளா என்று பிடிபடவில்லை. மேல்துரு என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சரிசெய்துவிடலாம். குழி என்றால் அதற்குள் கிருமி குடியேறிவிடும், தேய்த்து மாளாது. பார்த்தே பிரித்தறிய வழி உண்டா?

அடுத்து, ஈஸ்ட் வண்டலை இறக்கும் அடிவால்வு. துளையிட்ட பந்து சுழன்று திறக்கும் பந்து வால்வு பொருத்தியிருக்கிறார். கழற்றினால், பந்துக்குப் பின்னால் காய்ந்த வண்டல். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒருநாளும் பிரித்ததே இல்லையாம்! பந்துக்குப் பதில் வட்டத் தகடு திரும்பித் திறக்கும் பட்டாம்பூச்சி வால்வுக்கு மாறினால் தொல்லை தீருமா? ரப்பர் வளையங்களை எப்படியும் புதிதாகப் போட்டுவிடுவேன்.

கலன் அழுத்தம் தாங்கும் என்கிறார். அளவு பொறித்த தகடும் இல்லை, சேஃப்டி வால்வும் இல்லை. அதை நான் நம்பப்போவதில்லை.

இதை வாங்கினால் என் 25 லிட்டர் கலனை விற்றாக வேண்டும். மூடியில் ஒரு நசுங்கல், ஆனால் காற்றுக் கசிவில்லை. புதிதின் விலையில் பாதி கேட்கலாமா, அது அதிகமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.