மறுமொழி: புரோஷருக்குத் தமிழ் என்ன? – ‘மடிதாள்’ என்று முன்மொழிகிறேன்

அன்பின் நண்பர்களுக்கு,

புரோஷர் (brochure) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து மறுபடி படித்தேன். சிற்றேடு, கையேடு, துண்டுப்பிரசுரம், விளம்பர மடல், அறிமுக ஏடு என்று சொற்களுக்குக் குறைவில்லை. எல்லாமே நல்ல தமிழ். ஆனால் அவற்றில் ஒன்றைச் சொல்லி அச்சகத்தில் விலை கேட்டால், நினைத்த பொருளுக்கு விலை வராது. யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு அச்சு வடிவமைப்புச் செய்துகொடுப்பது என் பிழைப்பு. ஆகவே அகராதிப் பக்கத்திலிருந்து பேசாமல் அச்சு மேசைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

பனங்கட்டி, ஒடியல், பனாட்டு என்று பனம்பொருட்கள் செய்து விற்கும் பெண்கள் குழு ஒன்று, தங்கள் பொருட்களை அறிமுகப்படுத்த ஒரு ‘கையேடு’ வேண்டுமென்று ஓர் அச்சகத்தில் விலைமனு கேட்டது. அச்சகம் எட்டுப் பக்கத்தில், அட்டை போட்டு, கம்பி குத்திய புத்தகம் ஒன்றுக்கு விலை சொன்னது. தொகையைப் பார்த்ததும் இது நமக்குக் கட்டாது என்று அந்த அக்காமார் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு ஏ4 தாள், இரண்டு மடிப்பு. அச்சகத்திலும் பிழையில்லை. கையேடு என்றால் எங்கள் ஊரில் ஆசிரியர் கையேடு, பயிர்ச்செய்கைக் கையேடு. பக்கம் புரட்டிப் படித்து அதன்படி நடக்கவேண்டிய ஒன்று. சொன்ன சொல்லுக்குத்தான் விலை வந்தது.

சிற்றேட்டுக்கும் அதே சிக்கல்தான். ‘ஏடு’ காதில் விழுந்தவுடன் அச்சுக்காரர் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிகிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் நடுவில் கம்பி குத்தும் புத்தகத்துக்கு அது கட்டாயம். இந்த இழையில் கோவை ஐயா பிரெஞ்சு வேரைக் காட்டினார்: புரோஷர் என்பது தைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது, ஆகவே சிற்றேடுதான் வேருக்கு விசுவாசமான சொல் என்பது அவர் வாதம். வேர் சரி, ஐயா. ஆனால் இன்று விடுதிக்காரரும் தையற்கடைக்காரரும் அந்தப் பெயரில் கேட்பது மடித்த தாளைத்தான். தைத்த நூலுக்குச் சிற்றேட்டை வைத்துக்கொள்வோம். மடித்த தாளுக்குத் தனிச் சொல் வேண்டும்.

துண்டுப்பிரசுரத்தை ஏன் விடவேண்டும் என்று இந்தியாவிலுள்ள நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே துண்டறிக்கை என்ற சொல் இருப்பதால் அவருக்கு இந்தச் சொல்லின் பாரம் தெரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிரசுரம் என்பது சண்டையோடு சேர்ந்து வளர்ந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம், அதற்கு எதிர்முகமாக 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடம், கிறிஸ்தவம், சைவம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கண்டனங்கள். போர்க்காலத்தில் வானிலிருந்து விழுந்ததும் இரவில் மதிலில் ஒட்டப்பட்டதும் துண்டுப்பிரசுரங்கள்தாம். ‘உங்கள் பனங்கட்டிக்கு ஒரு துண்டுப்பிரசுரம் போடுவோமா?’ என்று கேட்டுப் பாருங்கள், வயதானவர்கள் முகத்தில் ஒரு நெளிவு தெரியும். தவிர, அது மடிக்காத ஒற்றைத் தாள். அந்த இடத்தில் அது நன்றாகவே நிற்கிறது, அங்கேயே நிற்கட்டும்.

என் முன்மொழிவு: மடிதாள்.

இது வினைத்தொகை. மடித்த தாள், மடிக்கின்ற தாள், மடிக்கும் தாள் என்று முக்காலமும் அடங்கும். விரிதாள் (spreadsheet) ஏற்கெனவே கணினியில் குடியேறிவிட்டது. அதன் பக்கத்து வீட்டில் மடிதாள் இருந்துவிட்டுப் போகட்டும். வரக்கூடிய பெரிய ஆபத்து ஒப்புநோக்குபவரிடமிருந்துதான்: ஒற்று விடுபட்டுவிட்டது என்று நினைத்து ஒரு ‘த்’ போட்டால் ‘மடித்தாள்’ ஆகிவிடும், யார் மடித்தாள் என்று வாசகர் தேடுவார். வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாயை ‘ஊறுக்காய்’ என்று எவரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

மடிதல் சாவைக் குறிக்குமே, வியாபாரத்துக்கு ஆகுமா என்ற கேள்விக்கு: மடிக்கணினி வாங்குபவர்கள் நல்லநேரம் பார்த்தா வாங்குகிறார்கள்? அதோடு, இறந்தவரின் 31ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கே ‘கல்வெட்டு’ என்று பெயர் வைத்து, அதில் கல்லும் இல்லை வெட்டும் இல்லை என்று ஒருவரும் குழம்பாமல் வாழும் ஊர் இது. ஒரு சொல் ஒரு பொருளை மட்டும் காட்டினால் போதும். மிச்சத்தைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது மடிதாளின் உறுப்புகளுக்குப் பெயர் வைப்பது. இரண்டு மடிப்புள்ள தாளை அச்சகத்தில் மடிப்புக் கோட்டை எண்ணி ‘இரண்டு மடிப்பு’ என்கிறார்கள். வாடிக்கையாளர் பாகங்களை எண்ணி ‘மூன்று மடிப்பு’ என்கிறார். இரண்டுபேரும் ஒரே பொருளைச் சொல்லிக்கொண்டு தொலைபேசியில் வாக்குவாதப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். ‘மும்மடி’ என்றும் போக முடியாது. தமிழில் அது மூன்று மடங்கு.

மடிப்பையும் எண்ணவேண்டாம், பாகத்தையும் எண்ணவேண்டாம், முகத்தை எண்ணுவோம். மடித்த தாளின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு புறமும் ஒரு முகம். ஒரு மடிப்பானால் நான்முக மடிதாள். இரண்டு மடிப்பானால் அறுமுக மடிதாள். மூன்றானால் எண்முக மடிதாள். நான்முகனையும் அறுமுகனையும் அச்சகத்துக்கு இழுப்பதாக நல்லூரான் கோபிக்கமாட்டான் என்று நம்புகிறேன். இந்த எண்ணிக்கையில் ஒரு நடைமுறை இலாபமும் இருக்கிறது: அறுமுகம் என்றவுடனே, சொல்வதற்கு ஆறு இடம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்பது முதலாளிக்கும் விளங்கிவிடும்.

முகங்களின் பெயர்களை வேலை முறையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முன்முகம். விடுதி வரவேற்பு மேசையிலோ கடைத் தட்டிலோ செருகி வைத்தால் இதன் மேல்பகுதி மட்டுமே வெளியே தெரியும். ஆகவே என்ன விற்கிறோம் என்பது மேல் மூன்றிலொரு பங்கில் இருக்கவேண்டும். எங்கள் வழக்கமோ தலைகீழ்: மேலே பிள்ளையார் சுழி, சாமி படம், பிறகு உரிமையாளர் பெயர், பதிவிலக்கம், கடைசியில் இடமிருந்தால் பொருளின் பெயர். சுழி போடுவதை நான் தடுப்பதில்லை. பின்முகத்தின் தலையில் போட்டாலும் பிள்ளையாருக்குக் கண் தெரியும்.

செருகுமுகம். முன்முகத்தைத் திறந்தவுடன் வலப்பக்கத்தில், உள்ளே மடிந்து கிடப்பது. இதற்கு ‘இடைமுகம்’ என்று எழுத ஆசைப்பட்டேன், கணினிக்காரர்கள் interface என்பதற்கு அதை வைத்து முந்திவிட்டார்கள். திறந்தவர் இரண்டாவதாகப் பார்ப்பது இதைத்தான், ஆனால் பெரும்பாலும் இங்கே ‘எங்கள் நோக்கக்கூற்று’ என்ற ஒன்றைப் போட்டு வீணாக்குகிறார்கள். வாங்கத் தயங்குபவரின் முதல் கேள்விக்கு இங்கே பதில் சொல்லவேண்டும். பனங்கட்டியானால், சீனி கலந்ததா என்பதே அந்தக் கேள்வி. பனையோலைக் குட்டானைப் பிரித்த பனங்கட்டியின் ஒரு நல்ல படமும், சீனி கலக்கவில்லை என்ற ஒரு வரியும் போதும்.

செருகுமுகம் மற்றவற்றைவிடச் சற்று ஒடுங்கியிருக்கவேண்டும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 99. அப்படி மடித்தால் உள்ளே போகும் பாகம் மடிப்பில் முட்டி மடங்கிக்கொள்ளும். 97, 100, 100 என்று பிரிப்பதே சரி. வெளிப்புறத்தை விரித்துப் பார்த்தால் இடமிருந்து செருகுமுகம், பின்முகம், முன்முகம். உட்புறத்தில் இந்த அளவுகள் கண்ணாடியில் தெரிவதுபோல மாறி, ஒடுங்கியது வலக்கோடியில் வரும். கணினியில் இரண்டு புறத்துக்கும் ஒரே சட்டகத்தைப் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

அகமுகங்கள் மூன்று. முழுதாக விரித்தபின் தெரிவதால் மூன்றையும் ஒரே பரப்பாக வடிவமைக்கலாம். படம் மடிப்பைத் தாண்டலாம், எழுத்து தாண்டக்கூடாது. இங்கே விலைப்பட்டியல் போடவேண்டாம் என்று நான் மன்றாடுவேன். 2022இல் விலைகள் ஓடிய ஓட்டத்தில் எத்தனையோ நல்ல அச்சுப்பிரதிகள் பேனாவால் திருத்தப்பட்டு அசிங்கமாயின. விலையைத் தனித் துண்டில் அடித்து உள்ளே வைத்தால் மடிதாள் நீண்டகாலம் உழைக்கும்.

அகமுகத்தின் அகலம் சிறிது. ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 85 மில்லிமீற்றர். அதில் ‘உற்பத்தியாளர்களிடமிருந்து’ போன்ற ஒரு சொல் வந்து, இருபுறமும் நேராக்கும்படி கட்டளையும் கொடுத்திருந்தால், அடுத்த வரியில் மூன்று சொற்களுக்கு நடுவே வண்டி ஓட்டலாம். இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். வரிகளுக்கு நடுவே கூடுதல் இடமும் விடுங்கள்; மேலே ஏறும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘கூ’வும் ஒன்றையொன்று உரசக்கூடாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகமானால், எழுத்துரு மாற்றியபின் கடதாசியில் ஒரு படி எடுத்துப் படிக்காமல் ஒப்பம் வைக்கவேண்டாம்.

பின்முகம். முகவரி, 021இல் தொடங்கும் நிலையான தொலைபேசி, வட்ஸ்அப் இலக்கம், வழிப்படம். எங்கள் ஊரில் வீட்டிலக்கத்தை வைத்து இடம் தேடுபவர் குறைவு. சந்தி, கோயிலடி, அதிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை: இவை மூன்றும் படத்தில் இருந்தால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் வந்து சேர்வார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காக ஆங்கிலமும், தெற்கிலிருந்து வருபவர்களுக்காகச் சிங்களமும் தேவை என்பது உண்மை. ஆனால் மூன்று மொழியையும் ஆறு முகத்திலும் நெருக்கினால் எவராலும் படிக்க முடியாது. கைக்காசு அனுமதித்தால் மொழிக்கொரு மடிதாள், இல்லாவிட்டால் படத்தை அதிகமாக்கிச் சொல்லைக் குறைப்பது.

மடிப்பு வகைக்கும் இரண்டு பெயர் வேண்டும். மேலே சொன்னதுபோல ஒரு பாகம் உள்ளே போனால் உள்மடிப்பு. முன்னும் பின்னுமாக மாறிமாறி மடிந்தால் கொய்யக மடிப்பு, சேலைக்குக் கொய்யகம் பிடிப்பதுபோல. தமிழ்நாட்டு நண்பர்கள் கொசுவம் என்பார்கள். அவர்கள் ‘கொசுவ மடிப்பு’ என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். இதில் எதுவும் உள்ளே செருகப்படாததால் மூன்று பாகமும் 99ஆகவே இருக்கலாம்.

வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் அது bleed. அதற்கு யாரோ ‘கசிவு’ என்று எழுதியிருந்தீர்கள். அச்சகத்தில் கசிவு என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். ‘வெட்டுமிகை’ என்று வைக்கலாம். தடித்த தாளை மடிக்குமுன் கோடு அழுத்துவதற்கு ‘தடமிடல்’. சதுர மீற்றருக்கு 170 கிராமுக்கு மேற்பட்ட தாளில் இது இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கீறல் விழும்.

அந்த அக்காமாருக்காக இந்த வாரம் புதிய விலைமனு கேட்டு எழுதுகிறேன். ஓஃப்செற் அச்சில் இருபுறமும் நான்கு நிறமென்றால், புறத்துக்கு நான்காக எட்டு அச்சுத் தகட்டுச் (பிளேட்) செலவு இருக்கிறது. ஆயிரத்துக்குக் குறைந்தால் பிரதிக்கு விழும் விலை ஏறிவிடும், ஆகவே எண்ணிக்கையை அப்படி வைத்தேன். வாசகம் இது:

‘அறுமுக மடிதாள், ஏ4, உள்மடிப்பு (செருகுமுகம் 97 மி.மீ., மற்றவை 100 மி.மீ.), 150 கிராம் ஆர்ட் தாள், இருபுறமும் நான்கு நிறம், வெட்டுமிகை 3 மி.மீ., 1000 பிரதி, மடித்துத் தரவேண்டும்.’

அந்தக் கடிதத்தின் கீழே மடிப்பின் கோட்டுப்படமும் வரைந்திருக்கிறேன், முதல் தடவை என்பதால். ‘செருகுமுகம்’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. இதைவிடக் குறுகியதாக ஒன்று யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். அதற்குப் பிறகு கடிதம் போய்விடும்.