கிளைபோசேட் தடை: அவசரமா, அவசியமா?

வன்னிக்காரன்:
2015இல் இலங்கை கிளைபோசேட் களைநாசினியை முற்றாகத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2022இல் தடையே போய்விட்டது. எனக்கு இது கம்பனிகளின் வெற்றியாகத்தான் படுகிறது. பதவியா, மெதவச்சிய பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயில் விவசாயிகள் சாகிறார்கள். முழு ஆதாரம் கிடைக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா?

கொழுந்துமலை:
எந்த ஆதாரம் அண்ணை? 2014இல் வந்த கட்டுரை ஒரு கருதுகோள்தான். கிளைபோசேட் கடின நீரோடு சேர்ந்து ஆசனிக் போன்ற நச்சு உலோகங்களைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகலாம் என்றது. தலைப்பிலேயே கேள்விக்குறி! யாழ்ப்பாணத்தில் கேத்தலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு படியாத வீடு எது? தோட்டங்களில் மருந்தடிப்பதும் குறைவில்லை. அங்கே ஏன் அந்த அளவுக்கு இந்த நோய் இல்லை? மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் இதே மாதிரி நோய் வருகிறது, அங்கே வெயிலையும் சந்தேகிக்கிறார்கள்.

தடைக்காலத்தில் எங்கள் மலையில் புல் இடுப்பளவு. கொழுந்தெடுக்கும் அக்காமாரின் ஏச்சு முழுக்க எனக்கு. சில தோட்டங்களில் எம்சிபிஏ என்ற வேறொரு களைநாசினியை அடித்தார்கள், அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பானில் பிரச்சினை வந்தது.

வன்னிக்காரன்:
2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை ‘பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது’ என்று வகைப்படுத்தியதே?

கொழுந்துமலை:
அது புற்றுநோய், சிறுநீரகம் இல்லை. அதிலும் அதே வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு எதிராகச் சொன்னது. புற்றுநோய் முகமை பார்த்தது கிளைபோசேட்டையும் அது கலந்த மருந்துகளையும். ஐரோப்பியர் பார்த்தது கிளைபோசேட்டை மட்டும்.

வாட்டு எண் 7:
நான் தாதி. இரண்டு பேரும் பரகுவாட் என்ற களைநாசினியை மறந்துவிட்டீர்கள். சாக நினைத்து அதைக் குடித்தவர் இரண்டு மூன்று நாள் தெளிவாகக் கதைப்பார், ‘வீட்டுக்குப் போகலாமா மிஸ்’ என்று கேட்பார். அப்புறம் மூச்சு முட்டும். ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும் என்பதால் கொடுக்கவும் யோசிப்போம். 2008க்குப் பிறகு அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 1995இல், மொனோகுரோட்டோபொஸ் உட்பட மிகக் கொடிய பூச்சிநாசினிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆட்கள் எண்டோசல்பான் என்ற இன்னொரு பூச்சிநாசினிக்கு மாற, 1998இல் அதுவும் தடை. 1995இல் லட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்த தற்கொலை 2005இல் 24 ஆனது. நெல் விளைச்சலும் குறையவில்லை.

கொழுந்துமலை:
அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன். அங்கே எண்ணிப் பார்த்துத் தடுத்தார்கள், தடை நிலைத்தது.

வன்னிக்காரன்:
எதை எண்ணினார்கள் தம்பி? சவங்களைத்தானே. அந்தக் கணக்கு நிரம்பும் மட்டும் நாங்கள் தெளித்துக்கொண்டே இருக்கவா?

கொழுந்துமலை:
இல்லை. ஆனால் ‘குற்றவாளி இவன்தான்’ என்று வர்த்தமானியில் போட்டுவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடக் காசும் ஆளும் குறையும். நீங்கள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரை யாராவது மாற்றினார்களா?

வன்னிக்காரன்:
ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் வந்தது. காசு கொடுத்துக் கேனில் எடுக்கிறோம். தண்ணீரில் இருக்கும் எது நோயைத் தருகிறதென்று இதுவரை ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. அதை மட்டும் ஆதாரம் கேட்காமல் குடிக்கலாமோ?