சட்டக் கல்லூரி இறுதிச் சோதனை: காணிச் சட்டம் மனதில் நிற்குதில்லை, என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:

வணக்கம். சட்டக் கல்லூரியில் இறுதி வருடம், தமிழில்தான் எழுதுகிறேன். வகுப்புகள் முடிந்ததும் வெள்ளவத்தை அறையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவின் தையல் வருமானத்தில் கொழும்பு வாடகை கட்ட முடியாது.

சான்றுக் கட்டளைச் சட்டம் எனக்குப் பிடித்த பாடம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நிரூபிக்க முடியாது என்ற 25ஆம் பிரிவை ஒருமுறை வாசித்தாலே போதும், ஏன் என்பது விளங்கிவிடும். காணிப் பக்கம்தான் பிரச்சினை. கொரெயா எதிர் அப்புஹாமி, திலகரத்ன எதிர் பஸ்தியன் என்ற இரண்டு வழக்குகளும் எத்தனை தரம் படித்தாலும் மாறிப்போகின்றன. உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் பாடத்தில் பழைய மாணவர்களின் குறிப்பை அப்படியே பாடமாக்குகிறேன். ஒரு வசனம் மறந்தால் மிச்சமும் வருதில்லை.

கூட்டாளிகள் கொழும்பில் சேர்ந்து படிக்கிறார்கள். கடன்பட்டாவது திரும்பிப் போகவா?

வாவிக்கரைச் சட்டத்தரணி:

தங்கச்சி, கடன்பட வேண்டாம். இந்தப் பாடத்துக்கு வேண்டியது உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும்.

அம்மாவிடம் வீட்டு உறுதியைக் கேட்டு வாங்குங்கள். நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே போகும், அநேகமாக அது அம்மம்மா கொடுத்த நன்கொடை உறுதியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த வரி ஏன் வந்தது என்று எழுதுங்கள். கொடுத்தவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது? அதைச் சொல்லாவிட்டால் உரித்துத் தொடர், அதாவது காணியின் உரிமை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்த சங்கிலி, அறுந்துவிடும். ‘இந்நன்கொடையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஏன் இருக்கிறது? உரோமன் டச்சுச் சட்டத்தில் ஏற்றுக்கொள்ளாத நன்கொடை முழுமையடையாது. நொத்தாரிசும் (உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் ஏன் இருந்தார்கள்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2ஆம் பிரிவு. அடுத்து 4ஆம் பிரிவையும் பாருங்கள். மரண சாசனமென்றால் நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடும் எழுதலாம்.

உறுதியை மூன்று பிரதியாக ஏன் எழுதுகிறோம் என்பதை நம்ம கரையோரத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 சுனாமியில் கல்லடியிலும் கல்முனையிலும் வீட்டோடு உறுதியும் போனவர்கள் எத்தனை பேர். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அதை வைத்துத்தான் மறுபடி பிரதி எடுத்தார்கள். நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தை இந்த நினைவோடு படியுங்கள்.

அந்த இரண்டு வழக்குக்கும் வயற்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சகோதரங்களுக்கும் பங்குள்ள வயலை மாமா ஒருவர் மட்டும் செய்கிறார் என்று வையுங்கள். அவருடைய ஆட்சி சட்டப்படி எல்லோருடைய ஆட்சியும்தான். மற்றவர்களின் உரித்தை மறுத்து அவர்களை வெளித்தள்ளும் வரை நீண்டகால ஆட்சியால் காணியைத் தனதாக்கும் பத்து வருடக் கணக்கு தொடங்கவே தொடங்காது. கொரெயா வழக்கில், அந்தக் காலத்தில் நமது இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட இலண்டன் கோமறைக் கழகம் (Privy Council) சொன்னது அது. சரி, மாமா நெடுங்காலம் ஒருவருக்கும் ஒரு மூட்டை நெல்கூடக் கொடுக்கவில்லை, தனக்கே சொந்தம் என்று நடந்துகொண்டார், ஒருவரும் கேட்கவுமில்லை. அப்படியான சூழ்நிலையில் வெளித்தள்ளல் எப்போதோ நடந்துவிட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இது 1918இல் வந்த திலகரத்ன வழக்கு. முதலாவது விதி, இரண்டாவது அதைத் தளர்த்தும் வழி.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வினாவில் தமிழர் என்று கண்டதும் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தை எழுதாதீர்கள். அது யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார் வாசிகளுக்கு’ (பழைய சட்டம் அங்குள்ள தமிழரைச் சொல்லும் பெயர்) உரியது, மட்டக்களப்புத் தமிழருக்கு இல்லை. இங்கே முன்பு முக்குவர் சட்டம் இருந்தது, இப்போது வழக்கில் இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது தேவையில்லை. ஆள் யார், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டுத்தான் விடைக்குள் போக வேண்டும்.

சம்மாந்துறைக்காரன்:

அண்ணன் சொன்னதோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. ஆனால் பிரிவு இலக்கங்களைப் பாடமாக்கத்தான் வேண்டும் தங்கச்சி. மண்டபத்தில் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நான் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வெறும் தாளில் இலக்கங்களை மட்டும் எழுதிப் பார்ப்பேன். அப்புறம் பழைய வினாத்தாள் ஒன்றை மணிக்கூட்டை வைத்துக் கையால் எழுதுவேன். வாசிப்பது வேறு, கையால் எழுதி முடிப்பது வேறு.

முஸ்லிம்களின் வாரிசுரிமை வினாவை விட்டுவிடாதீர்கள். 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இறந்தவரின் மத்ஹபை, அதாவது அவர் சார்ந்த இஸ்லாமியச் சட்டப் பிரிவைப், பின்பற்றச் சொல்கிறது. ஷாஃபி முறையில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வாரிசென்றால், மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆனால் அதே ஆளுக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) இருந்தால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அங்கே உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோதான் முதலில் போகும், அதற்குப் பிறகு பின்னுரித்தாளராக யாரை நியமித்தார் என்று பார்க்க வேண்டும். நியமிக்காவிட்டால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினர் வரிசை. ஆண்களுக்கு முதலிடம் கொடுத்த அந்த அட்டவணை 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளில் இன்னும் ‘மூத்த மகன்’ என்றே கிடக்கிறது, கவனம்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:

அண்ணா, நானா, இருவருக்கும் நன்றி. உறுதியை எடுத்துப் பார்த்தேன். அம்மம்மா தன் ஆயுட்கால உரித்தை (சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார். அவர் இறந்துவிட்டார். இப்போது அம்மா எனக்கு எழுதுவதாக ஒரு உறுதி வரைந்து பழகினால், அந்த ஆயுட்கால உரித்தையும் அதில் காட்ட வேண்டுமா?

வாவிக்கரைச் சட்டத்தரணி:

இறப்போடு அந்த உரித்து முடிந்துவிட்டது, யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அம்மாவுக்கு உரித்து வந்த வழியைச் சொல்லும் பந்தியில், அம்மம்மா இன்ன திகதியில் இறந்ததால் அது முடிவுற்றது என்று எழுதி, மரணச் சான்றிதழ் இலக்கத்தையும் போடுங்கள். வரைந்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பெயர்களையும் எல்லைகளையும் மறைத்துவிட்டு. திருத்தித் தருகிறேன்.