மீன் கூட்டம், மின்சாரம், வயல்: எல்லாத்துக்கும் ஒரே விஞ்ஞானமா?

உப்புவெளி_மாணவி
வணக்கம். திருகோணமலையில் கணிதம் படிக்கிறேன். இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது சிக்கல் அமைப்புகள் (complex systems), அதாவது பல சின்னப் பகுதிகள் ஒன்றையொன்று பாதித்து நடக்கும் அமைப்புகள் பற்றிய விஞ்ஞானம் கண்ணில் பட்டது. பறவைக் கூட்டம், வாகன நெரிசல், சந்தை விலை, மின்வலை என்று எதையும் அதற்குள் கொண்டுவருகிறார்கள். புறாத்தீவுப் பக்கம் நீருக்குள் பார்த்தால் மீன் கூட்டம் தலைவன் இல்லாமலே ஒரேயடியாகத் திரும்புகிறது, அது சரி. மீனுக்கும் மனுசருக்கும் மின்கம்பிக்கும் ஒரே கணக்குப் பொருந்தும் என்பதை எப்படி நம்புவது? இங்கே இருந்துகொண்டு இதில் உருப்படியாக ஏதும் செய்யலாமா?

கடல்காற்று
தங்கச்சி, கணக்கு இடத்துக்கு இடம் மாறும். கேள்விதான் பொது: ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து நடந்தால் முழுக் கூட்டத்திலும் என்ன நடக்கும்? கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் மூன்றே விதிகளால் கணினியில் பறவைக் கூட்டத்தைப் பறக்க விட்டார்: முட்டாதே, பக்கத்தவர் போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. பிறகு ஜோர்ஜியோ பரிசியின் குழு ரோம் நகரத்து வானில் நிஜப் பறவைகளைப் படம் பிடித்து அளந்தது. ஒவ்வொரு பறவையும் எத்தனை மீற்றர் தள்ளி என்று பார்க்காமல், தனக்கு மிகக் கிட்ட இருக்கும் ஆறேழு பறவைகளைத்தான் பின்பற்றுகிறது. சிக்கல் அமைப்புகள் பற்றிய வேலைக்காக 2021இல் அவருக்குப் பௌதிக நோபல் கிடைத்தது.

கந்தளாய்_வாய்க்கால்
நான் வயல் செய்பவன், அதனால் எனக்குப் பிடித்தது பாலித் தீவுக் கதை. அங்கே மலைச்சரிவு வயல்களுக்குத் தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது, மேல்வயல்காரர் நினைத்தால் மறித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்தடுத்த வயல்கள் முன்பின்னாக விளைந்தால் பூச்சி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டே இருக்கும், எல்லாரும் ஒன்றாக விதைத்து ஒன்றாக அறுத்து வயலைச் சும்மா விட்டால் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. மேலே இருப்பவருக்குப் பூச்சிப் பயம், கீழே இருப்பவருக்குத் தண்ணீர்ப் பயம், இரண்டும் சேர்ந்துதான் இணக்கம் வருகிறது. 1970களில் பசுமைப் புரட்சி என்று அந்த முறையை விட்டு அடிக்கடி விதைக்கச் சொன்னார்கள், பூச்சி பெருகி விளைச்சல் விழுந்தது. ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரேமர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாசனக் குழுவும் பக்கத்தில் அதிகம் விளைந்த குழுவின் அட்டவணையைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் விதி. கட்டளை போட யாரும் இல்லாமலே, அங்கத்தைய நீர்க்கோயில்கள் நடத்திவந்த முறைக்கு மிகக் கிட்டவான ஒழுங்கு உருவானது.
இங்கேயும் போகத்துக்கு முன் கூட்டம் வைத்துத்தான் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி எல்லாம் தீர்மானிக்கிறோம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்காரர் அந்தத் திகதிக்கு எப்போது ஒத்துப்போவார், எப்போது மாட்டார்? அதை எடுத்துச் செய்யுங்கள்.

எண்_பார்வை
நல்ல யோசனை, ஆனால் கொஞ்சம் கவனமாகப் போங்கள். இந்தத் துறையில் அழகான வடிவம் ஒன்று கிடைத்தால் எல்லா இடத்திலும் அதையே தேடும் பழக்கம் உண்டு. ஒருசில புள்ளிகளுக்கே ஏராளமான இணைப்புகள் சேரும் வலையமைப்பைப் பற்றி பராபாசி, ஆல்பர்ட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதியதும் அது எங்கும் இருப்பதாகப் பலர் சொன்னார்கள். 2019இல் புரொய்டோவும் குளோசெட்டும் ஆயிரத்துக்குக் கிட்டவான வலைகளைச் சோதித்தபோது அதற்கு வலுவான சான்று சிலவற்றில்தான் இருந்தது.
மின்வலை பற்றிக் கேட்டீர்களே, 2025 பெப்ரவரி 9 ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது. அன்று ஞாயிறு, பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், சுழன்றபடி வலையை நிலையாக வைத்திருக்கும் பெரிய மின்பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடின, அதனால் ஒரு அதிர்ச்சியைத் தாங்கும் பலம் வலைக்கு அப்போது இருக்கவில்லை. குரங்கோடு நிறுத்தாமல் வலை எந்த நிலையில் இருந்தது என்று கேட்கத் தெரிந்தால் போதும், நீங்கள் இந்தத் துறைக்குள் வந்துவிட்டீர்கள்.

உப்புவெளி_மாணவி
எல்லாருக்கும் நன்றி. இப்படியான கூட்டங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நெட்லோகோ என்ற இலவச மென்பொருளை இறக்கிவிட்டேன், சாதாரண மடிகணினியிலேயே ஓடுகிறது. கந்தளாய் அண்ணா, எந்த வயல் எப்போது விதைத்தது என்ற பழைய குறிப்புகள் யாரிடம் கேட்கலாம்?

கந்தளாய்_வாய்க்கால்
கமக்கார அமைப்பில் கேளுங்கள், தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடமும் கொப்பி இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு முன் வாங்க, வாய்க்கால் படத்தையும் எடுத்து வாங்க, எந்த வயல் எந்த மடையில் தண்ணீர் எடுக்கிறது என்று நடந்தே காட்டுகிறேன்.