இடம் போதாமல்தான் ஜப்பான் மஞ்சூரியாவுக்குப் போனதா?

கரிசல்காரன்:
1872இல் ஜப்பானில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர். 1920இல் எடுத்த முதல் நவீனக் கணக்கெடுப்பில் 5.6 கோடி, 1940இல் 7.3 கோடி. நாட்டில் பெரும்பகுதி மலை, உழ நிலம் குறைவு. 1924இல் அமெரிக்காவும் ஜப்பானியர் குடியேறக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டது. பிறகு எங்கேதான் போவார்கள்? சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா மீது கைவைத்ததற்கு வேர் இந்த நெருக்கடிதான்.

தாழை:
எண்கள் சரி, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 1920 முதல் 1935 வரை மக்கள்தொகையில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் கூடினார்கள். இருபது ஆண்டில் 50 லட்சம் பேரை மஞ்சூரியாவில் குடியேற்றுவதாக 1936இல் அரசு திட்டம் போட்டது. 1945 வரை போன குடியேறிகள் சுமார் 2.7 லட்சம்தான். நான்கு மாதப் பெருக்கத்துக்குக்கூட அது ஈடாகாது. அப்புறம் 1941இல் அதே அரசு, 1960க்குள் மக்கள்தொகை 10 கோடியாக வேண்டும், தம்பதிக்கு ஐந்து குழந்தை வேண்டும் என்றது. இடமில்லாமல் தவிக்கும் அரசு வைக்கிற கோரிக்கையா இது?

கரிசல்காரன்:
1941 போர்க்காலம், படைக்கு ஆள் தேவைப்பட்டது நண்பரே. நான் சொல்வது அதற்கு முந்தைய பத்தாண்டை. ஜப்பானின் மலைநாட்டு மாகாணமான நாகானோவிலிருந்துதான் அதிகம் பேர் போனார்கள். ஊரில் பிழைக்க வழி இருந்தால் அந்தக் குளிருக்கு யார் போவார்கள்?

தாழை:
நாகானோ பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த பகுதி. 1929க்குப் பிறகு அமெரிக்காவில் பட்டு வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது, குடும்பங்கள் கடனில் மூழ்கின. நெல் பயிரிட்ட குத்தகைதாரர் பலர் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை நிலக்கிழாருக்கு அளந்தார்கள். இதையெல்லாம் பிள்ளைப்பேற்றின் தலையில் கட்டுவது அநியாயம்.

நீலவானம்:
மஞ்சூரியா ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. குடியேறிகளுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி சீன உழவர்கள் உழுதுகொண்டிருந்த நிலம், அடிமாட்டு விலைக்குப் பிடுங்கியது. யாருக்கு இடம் போதவில்லை என்று பேசும்போது அவர்களையும் எண்ண வேண்டும்.

கரிசல்காரன்:
பிடுங்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1918இல் அரிசி விலை ஏற்றத்தால் வெடித்த அரிசிக் கலவரம் நாடு முழுக்கப் பரவியது. உணவு போதாது என்ற பயம் நிஜம்.

தாழை:
பயம் நிஜம்தான். 1945இல் ஜப்பான் போரில் தோற்ற பிறகு என்ன நடந்தது? பேரரசு போய்விட்டது, வெளியிலிருந்து 60 லட்சத்துக்கும் அதிகமானோர் திரும்பினார்கள். 1950இல் 8.3 கோடிப் பேர் அந்தத் தீவுகளிலேயே வாழ்ந்தார்கள். நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரை உடைமையாளராக்கியது.

கரிசல்காரன்:
அமெரிக்கா அனுப்பிய உணவை விட்டுவிட்டீர்கள். 1948 சட்டம் கருக்கலைப்புக்கு வழிவிட்டதும் பிறப்பு விகிதம் பத்தாண்டில் ஏறக்குறைய பாதியானது. ஆக, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது உண்மைதானே?

தாழை:
சரி, அதற்கான வழியை முன்பே மறித்தது யார்? 1922இல் அமெரிக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரகர் மார்கரெட் சாங்கர் ஜப்பான் வந்தபோது, அதைப் பற்றிப் பொதுமேடையில் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவரை உள்ளே விட்டார்கள்.